டாக்டர்களுக்கு மாலை! வலிப்பு வந்த பிள்ளைக்கு மூலையா?

குழந்தைகளின் மூளை, நரம்பு வியாதிகளைப் பற்றிப் பேச உலகம் முழுவதும் இருந்து டாக்டர்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். இப்போதெல்லாம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இந்த மாநாடு நடக்கிறது.

முதல் மாநாடு 1975-ம் ஆண்டு கனடாவில் டொரான்டோ நகரில் நடந்தது. அதன் பிறகு ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றி வந்தது. 2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் நம் நாட்டுக்கும் வந்தது. மும்பையில் நடந்தது. 2022-ல் துருக்கி நாட்டின் அந்தாலியா. 2024 மே மாதம் தென் ஆப்பிரிக்காவில் கேப்டவுன்.

பெரிய டாக்டர்கள் மாநாடு என்றால் கேட்க வேண்டுமா! வாசலில் வரவேற்பு. கழுத்தில் பெயர் அட்டை. கையில் ஒரு பை. ஏர்கண்டிஷன் மண்டபம். திரையில் படம் போட்டுப் பேச்சு. "வருக, வருக" என்று வரவேற்புரை.

சரி, இதில் நமக்கென்ன? மாம்பலத்தில் ரயில் ஏறித் தாம்பரம் போகிறவருக்கும், கொத்தவால்சாவடியில் கடை வைத்திருப்பவருக்கும் இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது! அந்த மண்டபத்தில் பேசப்படும் வியாதிகள் எல்லாம் வெளிநாட்டு வியாதிகள் அல்ல. நம் தெருவில், பக்கத்து வீட்டில், ஏன், நம் வீட்டுத் தொட்டிலிலேயே இருப்பவை. அவற்றில் பல, சரியான நேரத்தில் கவனித்தால் தப்பிக்கக் கூடியவை. கவனிக்காவிட்டால் ஒரு பிள்ளையின் ஆயுசே போச்சு.

அந்த மாநாட்டு டாக்டர்கள் நம் ஊருக்கு வந்தால் எதையெல்லாம் பார்ப்பார்கள்? இதோ விவரம்:

கட்டிக் கொண்டிருக்கும் வீடு

குழந்தை என்றால் சின்ன சைஸ் பெரியவர் என்று நினைக்கிறோம். அது தப்பு.

பெரியவரின் மூளை கட்டி முடித்த வீடு. குழந்தையின் மூளை கட்டிக் கொண்டிருக்கும் வீடு. கட்டி முடித்த வீட்டில் விரிசல் விட்டால் பூசிக் கொள்ளலாம். கட்டும்போதே அஸ்திவாரத்தில் தண்ணீர் புகுந்தால், மேலே எழும்பும் சுவர் எல்லாம் கோணல்தான். அதனால்தான் குழந்தை நரம்பு வைத்தியம் தனி வைத்தியமாகப் பிரிந்தது.

குழந்தை நன்றாக வளர்கிறதா என்று பார்க்க வீட்டில் இருப்பவர்களுக்கே ஒரு கணக்கு உண்டு.

2 மாதத்தில் தாயின் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். 4 மாதத்தில் தலை நிற்க வேண்டும். 9 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். 18 மாதத்தில் நடக்க வேண்டும்.

இதில் ஒன்று தள்ளிப் போனாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் நடந்தோம்" என்று பாட்டி சொல்வார். பாட்டி சொல்வது பல நேரம் உண்மையாகக் கூட இருக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

"சாவி! சாவி!"

ரயில் நிலையத்திலோ, ரங்கநாதன் தெரு நெரிசலிலோ ஒரு பையன் கீழே விழுகிறான். கை, கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை.

உடனே கூட்டம் கூடுகிறது. "யாராவது சாவி வச்சிருக்கீங்களா?" என்று ஒருவர் கத்துகிறார். ஒருவர் பாக்கெட்டைத் துழாவுகிறார். இன்னொருவர் பெட்டிக் கடைக்கு ஓடுகிறார். கடைசியில் ஒரு சாவிக் கொத்து வந்து சேருகிறது. பையன் கையில் வைத்து அழுத்துகிறார்கள். இழுப்பு நிற்கிறது!

"பாத்தீங்களா? இரும்பு பட்டதும் நின்னுடுச்சு!"

உண்மை என்ன தெரியுமா? பெரும்பாலான வலிப்புகள் ஒன்று, இரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவி தேடவே அந்த நேரம் சரியாகப் போய்விடுகிறது. சாவி கைக்கு வரும்போது வலிப்பு கிளம்பும் நேரம். பெயர் மட்டும் சாவிக்கு! காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்களே, காக்காய் வலிப்பில் நடப்பது அதேதான்.

சாவியால் பெரிய கெடுதல் இல்லை. நேரம்தான் வீண். ஆனால் வாயில் கரண்டியைச் செருகுவது அப்படி அல்ல. பல் உடைகிறது. உடைந்த பல் தொண்டைக்குள் போகிறது. விரலை விட்டவர் விரல் கடிபட்டு ரத்தம் கொட்டுகிறது. "நாக்கை முழுங்கிடுவான்" என்பது வெறும் பயம். நாக்கை யாரும் விழுங்க முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

பக்கத்தில் இருக்கும் கல், கண்ணாடி, அடுப்பு ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். தலைக்கு அடியில் துண்டை மடித்து வைக்க வேண்டும். சட்டைக் காலரைத் தளர்த்த வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். எச்சில் வெளியே வழிந்து ஓடும், மூச்சு அடைக்காது.

கையைக் காலைப் பிடித்து அமுக்கக் கூடாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது. நினைவு முழுதாகத் திரும்பும் வரை தண்ணீர், சோடா கூடாது.

முக்கியமாக, கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் ஆபத்து. நின்று மறுபடி உடனே வந்தாலும் ஆபத்து. 108-க்குப் போன் செய்துவிட வேண்டும். முதல் முறையாக வந்த வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விழுந்து கிடப்பவரைப் பார்த்து "தண்ணி போட்டிருக்கான்" என்று ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. அப்படி ஒதுங்கும் நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ஓர் உயிர் தப்பும்.

காய்ச்சலில் வரும் ஜன்னி

ராத்திரி 2 மணி. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நெருப்பாய்க் காய்ச்சல். திடீரென்று கண் மேலே செருகுகிறது, உடம்பு விறைக்கிறது. வீடே அலறுகிறது.

இதுதான் காய்ச்சல் வலிப்பு. கிராமத்தில் ஜன்னி என்பார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வரும். 100 குழந்தைகளில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு வருவதாக டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பார்க்கத்தான் பயங்கரம். பெரும்பாலும் மூளைக்கு எந்தச் சேதமும் ஏற்படாது. மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இன்னொரு தடவை வரலாம். வயது ஏற ஏற நின்றுவிடும்.

அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. வலிப்பு நின்ற பிறகும் குழந்தை கண் விழிக்காமல் கிடந்தாலோ, கழுத்து விறைத்திருந்தாலோ, அது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது தாயத்துக் கட்டவோ, விபூதி போடவோ நேரம் இல்லை. சாமி கும்பிட வேண்டும் என்றால் ஆட்டோவில் போய்க் கொண்டே கும்பிடலாம்!

"சலாம்" போடும் குழந்தை

இப்போது சொல்லப் போவதைத் தாய்மார்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

5 மாதக் குழந்தை. தூங்கி எழுந்ததும் தலையை முன்னால் குனிகிறது. இரண்டு கையும் விரிகிறது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. விட்டுவிடுகிறது. சில விநாடி கழித்து மறுபடி. இப்படி 10, 20 தடவை வரிசையாக. நடுவில் ஒரு அழுகை. வாயில் நுரை இல்லை. இழுப்பு இல்லை. காய்ச்சல் இல்லை.

"பயந்து உதறுது." "வயித்து வலி, கிரைப் வாட்டர் கொடு." "யாரோ கண்ணு வச்சுட்டாங்க." இப்படி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வாரங்கள் ஓடுகின்றன. சிரித்துக் கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்திவிடுகிறது. தாயின் முகத்தைப் பார்ப்பதில்லை. நின்றிருந்த தலை தொங்கிவிடுகிறது.

இது வலிப்பிலேயே கொடிய வகை! முதல் பிறந்த நாளைக்குள்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். மூளையைக் குழந்தைப் பருவத்திலேயே முடக்கிப் போடும்.

இதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் "வெஸ்ட்" நோய். வெஸ்ட் என்பது ஒரு டாக்டரின் பெயர். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்தவர். 1841-ம் ஆண்டு "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார்.

அதில் அவர் எழுதியது யாரைப் பற்றி? சொந்த மகனைப் பற்றி!

4 மாதம் வரை நன்றாக இருந்த பிள்ளை தலையைக் குனிந்து குனிந்து எழுந்தது. அப்பாவே டாக்டர். தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தார். அட்டை விட்டுப் பார்த்தார். அபின் கலந்த மருந்து கொடுத்தார். லண்டனுக்குத் தூக்கிப் போய்ப் பெரிய டாக்டர்களிடம் காட்டினார். அவர்களில் ஒருவர் சர் சார்லஸ் கிளார்க். குழந்தை குனிவது சலாம் போடுவது மாதிரி இருக்கிறது என்பதால் "சலாம் வலிப்பு" என்று அவர்தான் பெயர் வைத்தார். பெயர் கிடைத்தது. மருந்து கிடைக்கவில்லை.

கடைசியில் அந்தத் தகப்பன் பத்திரிகைக்கு எழுதினார். இந்த மாதிரிக் குழந்தையை யாராவது பார்த்திருக்கிறீர்களா, வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

பதில் வர எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? 117 வருஷம்! 1958-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் ஒரு ஹார்மோன் ஊசி இந்த வலிப்பை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். இன்று அந்த ஊசியும் இருக்கிறது, ஸ்டீராய்டு மருந்தும் இருக்கிறது, வேறு மாத்திரைகளும் இருக்கின்றன.

ஆனால் ஒரு நிபந்தனை. சீக்கிரம் தொடங்க வேண்டும். வாரக் கணக்கில் தள்ளிப் போனால் வலிப்பு நின்றாலும் புத்தி வளர்ச்சி திரும்புவது கஷ்டம்.

வெஸ்ட் காலத்தில் இல்லாத ஒரு கருவி இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதுதான் செல்போன்! குழந்தை இப்படி வரிசையாகக் குனிந்தால் ஒரு நிமிடம் வீடியோ எடுக்க வேண்டும். அதை எடுத்துக் கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். டாக்டர் அறையில் குழந்தை சமர்த்தாகத் தூங்கும். வீடியோ பேசும். தலையில் வயர் ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. பரிசோதனை மீதியைச் சொல்லிவிடும்.

வேலூர் டாக்டர்கள் பிடித்த குற்றவாளி

அடுத்தது ஒரு துப்பறியும் கதை. குற்றவாளி ஒரு புழு!

வலிப்பு வந்த பிள்ளைகளுக்கு மூளை ஸ்கேன் எடுத்தால், சிறியதாக ஒரு வட்டம் தெரியும். நம் நாட்டில் இது ஏராளம். "இது டி.பி. கட்டி" என்று பல டாக்டர்கள் நினைத்தார்கள். மாதக் கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. சில நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்து அந்தக் கட்டியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உள்ளே இருந்தது நாடாப் புழுவின் குஞ்சு! 1989-ம் ஆண்டு இந்தத் தகவலை அதே "லான்செட்" பத்திரிகையில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு நாடு முழுவதும் வைத்தியம் மாறியது. பல பிள்ளைகளுக்கு அந்த வட்டம் நாளடைவில் தானாகவே மறைந்துவிடுவதும் தெரிந்தது.

புழு எப்படி மூளைக்குப் போகிறது? வேக வைக்காத பன்றிக் கறி சாப்பிட்டவர் வயிற்றில் நாடாப் புழு வளர்கிறது. அவர் மலத்தோடு முட்டை வெளியே வருகிறது. அந்த முட்டை தண்ணீரிலும், காய்கறியிலும், கழுவாத கையிலும் ஒட்டிக் கொள்கிறது. அதை விழுங்குகிறவர் மூளையில் போய் உட்காருகிறது.

அதாவது, பன்றிக் கறியைக் கண்ணால் பார்க்காத சைவக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் இது வரும்! சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த கீரைக் கட்டு போதும். கழுவாமல் நறுக்கிய வெள்ளரிக்காய் போதும்.

ஆகவே கக்கூஸ் கட்டுவதும், சாக்கடையைக் குடிநீரில் கலக்காமல் பார்ப்பதும் சுகாதார இன்ஸ்பெக்டர் வேலை மட்டும் அல்ல. அதுவும் ஒரு வலிப்பு வைத்தியம்தான். கீரையை ஓடும் தண்ணீரில் இரண்டு, மூன்று தடவை அலசி, நன்றாக வேக வைப்பதும் அப்படியே.

நர்ஸ் கண்டுபிடித்த வெளிச்சம்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது சகஜம். பெரும்பாலும் சில நாளில் போய்விடும். ஆனால் மஞ்சள் அளவு மீறி ஏறினால் மூளைக்குள் இறங்கிவிடும். காது கேட்காது. கை கால் முறுக்கிக் கொள்ளும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தது யார்? ஒரு நர்ஸ்!

1956-ம் ஆண்டு. இங்கிலாந்தில் ராச்போர்ட் ஆஸ்பத்திரி. குறை மாதக் குழந்தைகள் வார்டின் பொறுப்பாளர் சிஸ்டர் வார்ட். வெயில் அடித்தால் குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிப் போவது அவர் வழக்கம். ஒரு நாள் ஒரு குழந்தையை டாக்டரிடம் காட்டினார். உடம்பு முழுவதும் மஞ்சள் வெளுத்திருந்தது. துணி மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் அடர் மஞ்சள்!

அந்த வார்டு டாக்டர்கள் ஆராய்ந்து 1958-ல் வெளியிட்டார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளை நீல விளக்குக்கு அடியில் படுக்க வைப்பதன் ஆரம்பம் அதுதான்.

அதற்காக வீட்டு ஜன்னல் வெயிலே போதும் என்று இருந்துவிடக் கூடாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

பிறந்ததும் அழாத குழந்தை, குறை மாதத்தில் பிறந்த குழந்தை ஆகியோரையும் மாதா மாதம் காட்டி வர வேண்டும். கை கால் விறைத்துப் போகும் "மூளை முடக்குவாதம்" ஆயிரம் குழந்தைகளில் 2, 3 பேருக்கு வருகிறது. அதை முழுதாகப் போக்க மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் பயிற்சி கொடுத்தால் பிள்ளை உட்காரும், பேசும், பள்ளிக்கூடம் போகும். சென்னையில் கோட்டூர்புரம் "வித்யாசாகர்" 1985 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது.

ஆண்டுகள் கழித்துப் பழி வாங்கும் அம்மை

தட்டம்மை வந்தது. வேப்பிலை கட்டினார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளை எழுந்து விளையாடியது. எல்லாரும் மறந்து போனார்கள்.

கிருமி மறக்கவில்லை! சில பிள்ளைகளின் மூளையில் அது பதுங்கிக் கொள்கிறது. 6, 8 ஆண்டு கழித்துத் தலை தூக்குகிறது. நன்றாகப் படித்த பையன் மார்க் குறைகிறான். கையில் இருக்கும் டம்ளர் தட்டென்று நழுவுகிறது. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. பிறகு நடை போகிறது. பேச்சு போகிறது. கடைசியில் உயிர் போகிறது. வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை.

வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று. 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பயந்து போன பெற்றோர் சிலர் ஊசி வேண்டாம் என்றார்கள். வதந்தியை அனுப்பியவருக்கு விரல் நோகவில்லை. ஊசி போடாத பிள்ளைக்குத்தான் ஆபத்து.

இளம்பிள்ளை வாதத்தை இந்தியா ஒழித்துக் காட்டவில்லையா? 2011 ஜனவரிக்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் இயற்கைப் போலியோ கிருமி தாக்கவில்லை. 2014 மார்ச்சில் சான்றிதழும் வந்தது. சொட்டு மருந்து செய்த வேலை அது.

16 கோடி ஊசியும் டீ விலை மாத்திரையும்

தசை நரம்பு செத்துப் போகும் ஒரு பரம்பரை வியாதிக்கு 2019-ல் அமெரிக்கா ஓர் ஊசியை அனுமதித்தது. விலை 21 லட்சம் டாலர். நம் பணத்தில் 16 கோடி ரூபாய் என்று 2021-ல் தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு வரை பேச்சாக இருந்தது. ஊர் கூடிப் பணம் திரட்டியது. மத்திய அரசு வரியை ரத்து செய்தது. நல்ல காரியம்தான்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

வலிப்புக்கு "பினோபார்பிடோன்" என்று ஒரு மாத்திரை இருக்கிறது. 1912-ல் ஜெர்மனி டாக்டர் ஒருவர் இது வலிப்பை அடக்கும் என்று கண்டுபிடித்தார். நூறு வருஷம் தாண்டியும் ஓடுகிறது. ஒரு மாத்திரை ஒரு டீ விலை கூட இல்லை.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 10 பேரில் 8 பேர் நம்மைப் போன்ற நாடுகளிலும், ஏழை நாடுகளிலும் இருக்கிறார்கள். சரியாக மருந்து சாப்பிட்டால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம். ஆனால் ஏழை நாடுகளில் நாலு பேரில் மூன்று பேருக்கு அந்த மருந்து போய்ச் சேரவில்லை!

16 கோடி இல்லாமல் சாகும் பிள்ளைக்காக ஊர் அழுகிறது. சில ரூபாய் மாத்திரை சேராமல் விழும் பிள்ளைகளுக்காக யாரும் உண்டியல் குலுக்குவது இல்லை.

2022 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலகச் சுகாதார சபை இதற்காக ஒரு பத்தாண்டுத் திட்டம் போட்டது. வலிப்புச் சிகிச்சை பெறுகிறவர் எண்ணிக்கையை 2031-க்குள் பாதிப் பங்கு உயர்த்த வேண்டும் என்பது அதன் இலக்கு.

மருந்து கிடைத்தவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஆறு மாதம் வலிப்பு வரவில்லை என்றதும் "குணமாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுவது. திடீரென்று நிறுத்தினால் பழைய வலிப்பு திரும்பி வரலாம். நிற்காத வலிப்பாக மாறி உயிருக்கே ஆபத்து ஆகலாம். மாத்திரையை நிறுத்துவது டாக்டர் வேலை. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்.

கதவுக்குப் பின்னால்

விருந்தாளி வந்தால் வலிப்பு வரும் பெண்ணைப் பின் அறையில் உட்கார வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. "வெளியே தெரிஞ்சா கல்யாணம் ஆகாது" என்ற பயம். அவள் தங்கைக்கும் வரன் தட்டிப் போகுமாம்!

இந்தப் பயத்துக்குச் சட்டமே ஒரு காலத்தில் துணை போனது. 1976-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருவதைப் பைத்தியத்தோடு ஒன்றாகச் சேர்த்து, திருமணத்துக்குத் தடை என்று எழுதிவிட்டார்கள். 23 ஆண்டு போராட்டம், வாதம். 1999-ல்தான் "வலிப்பு" என்ற வார்த்தையை அந்தச் சட்டத்தில் இருந்து அடித்தார்கள்.

சட்டம் மாறிவிட்டது. சம்பந்தி வீட்டார் மாறினார்களா என்பதுதான் கேள்வி.

வலிப்பு ஒட்டுவாரொட்டி அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. எச்சில் பட்டால் வராது. பேய், பிசாசு அல்ல. பைத்தியமும் அல்ல. மூளையில் ஓடும் மின்சாரம் ஒரு நிமிடம் தறிகெட்டு ஓடுகிறது. அவ்வளவுதான்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஜான்டி ரோட்சைத் தெரியும். 1992 உலகக் கோப்பையில் பந்தோடு பறந்து போய் ஸ்டம்பைச் சாய்த்து இன்சமாமை ரன்-அவுட் ஆக்கினாரே, அவர்தான். அவருக்கும் வலிப்பு உண்டு. அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவரை யாரும் பின் அறையில் உட்கார வைக்கவில்லை. பாயின்ட்டில் நிற்க வைத்தார்கள்!

எங்கே போவது?

சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நரம்புப் பிரிவு இருக்கிறது. எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் முதலில் மாவட்ட அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் தனி மையங்கள், 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் அமைக்கப்பட்டவை. பிறந்தது முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். கட்டணம் இல்லை.

மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, புத்தி வளர்ச்சிக் குறை ஆகியவை 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைகளில் அடங்கும். 40 சதவீதக் குறை என்று சான்றிதழ் பெற்றால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ரயில் சலுகையும் உண்டு. சான்றிதழ் வாங்கக் கூச்சப்பட வேண்டியது இல்லை.

வாத்தியார்களும் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். வகுப்பில் பிள்ளை சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, மறுபடி எழுத ஆரம்பித்தால் அது கனவு காண்பது மட்டும் அல்ல. ஒரு நாளில் பல தடவை அப்படி நடந்தால் அதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். பிரம்பு எடுப்பதற்கு முன் பெற்றோருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அடுத்த உலக மாநாட்டிலும் டாக்டர்களை வரவேற்பார்கள். புது மருந்து, புது ஊசி பற்றிப் பேசுவார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்யட்டும். நம் வேலை மூன்று இருக்கிறது. தடுப்பூசி அட்டையை இன்று ராத்திரியே எடுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை டப்பாவில் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எண்ண வேண்டும். பின் அறையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், முன் அறைக்குக் கூப்பிட வேண்டும்.